அன்னத்தின் வாயில் கொடி

அக்கா எதைப் பார்த்தாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன் மேல் வைத்து விரித்துவிடுவாள். போனில் செய்தால் பரவாயில்லை. ரேஷன் கார்டில் செய்வாள். பேப்பரில் வந்த ஜவுளிக்கடை விளம்பரத்தில் செய்வாள். அது பெரிதாகாது என்று பிறகுதான் ஞாபகம் வரும். "ச்சே" என்று கையை எடுத்துக்கொள்வாள்.

தென்னேரிப் பக்கமிருந்து அவளுக்கு ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்தது. ஸ்டுடியோவில் எடுத்து அச்சுப் போட்டது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, குங்குமம் படாமல் அக்கா கையில் கொடுத்தாள். அக்கா அந்த ஆளின் முகத்தில் இரண்டு விரலை வைத்து விரித்தாள்.

"இன்னாடி பண்றே?"

"காதாண்ட ஏதோ இருக்குதும்மா. பெருசு பண்ணாதான தெரியும்."

"மச்சமா இருக்கும்."

"மச்சமில்ல. வெட்டி ஒட்டியிருக்கான். ஆள் நின்ன எடம் வேற, பின்னாடி இருக்கற ஏரி வேற."

நான் சிரித்துவிட்டேன். அவளை அடிக்க முடியாமல் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த இடம் அப்புறம் நின்றுபோனது. போட்டோவால் இல்லை. அந்த மாதம்தான் அக்காவுக்குக் காலும் கண்ணுக்குக் கீழேயும் வீங்க ஆரம்பித்தது. கிட்னி என்று சொன்னார்கள். யார் போய் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார்கள் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுதினால் எங்கேயாவது ஒரு எழுத்து மாறும். ஆஸ்பத்திரி ஃபைலில் அவள் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஊசி குத்துவதைவிட அதற்குத்தான் அவள் அதிகம் கோபப்பட்டாள். அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

முதல் ரத்த ரிப்போர்ட் வந்த அன்று நாங்கள் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்துப் பெரிது பண்ணினாள்.

"டாக்டர், இது ஒம்போது புள்ளி நாலா, தொண்ணூத்தி நாலா? நடுவுல புள்ளி இருக்குதா இல்ல தூசா?"

"புள்ளிதாம்மா."

"அப்ப பரவால்லயா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்தார். அம்மா பக்கம் திரும்பி, "வேற யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். வேறு யாரும் இல்லை. அப்பா போய் வெகு நாள் ஆகிறது. கிட்னியை அம்மா கொடுக்கலாம் என்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. என்னுடையது ரத்த குரூப் சேரவில்லை.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு அட்டைக்கடையில் இருவருக்கும் வேலை; முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பட்டுப்புடவைக் கரையில் மயில், அன்னம், மாங்காய் எல்லாம் தானாக வராது. முதலில் கட்டம் கட்டமாக டிசைன் போட வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. கட்டத்தில் நிறம் இருந்தால் அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை இருக்கும் இடத்தில் தறி மேலே இருக்கிற பெட்டி அந்த இழையைத் தூக்கும். டிசைன் போடுவது அக்கா. அதை அட்டையில் குத்துகிற மெஷினில் நான். ஒரே ஒரு அன்னம்தான் அக்கா வரைவாள். அட்டை மாலை மாதிரி சுற்றிச் சுற்றி வருவதால் புடவை நீளத்துக்கும் அதே அன்னம் வரும். அன்னத்தில் ஒரு புள்ளி தப்பினால் புடவை நீளத்துக்கும் அதே தப்பு வரும்.

அதனால்தான் அவள் அப்படி. திரையில் பத்துக் கட்டம் மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே போவாள். இடமிருந்து வலம், பிறகு கீழே, பிறகு இடமிருந்து வலம். "பெருசு பண்ணிப் பாரு, தப்பு தானா வந்து நிக்கும்" என்பாள். கடைக்கு வேறு டிசைன்காரர்களின் வேலையும் வரும். அதில் ஜரிகை எங்கேயாவது குறுக்கே இழை பிடிக்காமல், கட்டில்லாமல் நீளமாக ஓடி, நெய்த பிறகு தூக்கிக்கொண்டு நிற்கும். வளையலில் மாட்டி அறுந்துபோகும். அக்கா வேலையில் அப்படி ஒரு புகார் வந்ததே இல்லை.

முதலில் அவள் லேப்டாப்பில்தான் வரைந்தாள். பிறகு இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள், டயாலிசிஸ் ஊசி போடுவதற்கு. அந்த இடத்தில் தொட்டால் உள்ளே என் குத்துகிற மெஷின் மாதிரி அதிரும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அந்தக் கையை நீட்டி அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரமே என்னை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். மடியில் வைத்தாள். டிசைன் போடும்போது வலது கையில் மவுஸ், இடது கையில் கீ அழுத்த வேண்டும். பழக்கத்தில் இடது கையை மடக்கினாள். மெஷின் கத்தியது. டெக்னீஷியன் ஓடி வந்தார்.

"இன்னாமா, ஆபீஸ் வெச்சிக்கினு இருக்கியா? ஊசி நழுவுனா ரத்தம் பீச்சியடிக்கும்."

"ஒரு கை ஃப்ரீயாதான இருக்குது சார்."

"அதுல சாமி கும்புடு."

அடுத்த மாதம் காதில் இருந்த தோடு போய், திரையைத் தொட்டு வரைகிற ஒரு பெரிய டேப்பும் அதற்கான பேனாவும் வந்தது. ஒற்றைக் கையால் வேலை செய்ய அதுதான் சரி என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வயிற்றின் மேல் தலையணையை மடித்து வைத்து, அதன் மேல் டேப்பைச் சாய்த்து, படுத்துக்கொண்டே வரைந்தாள். உள்ளங்கை பட்டால் திரையில் தானாகப் புள்ளி விழுந்தது. என்னுடைய பழைய சாக்ஸை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டாள். இரண்டு விரல் மட்டும் வெளியே தெரியும்.

அட்டைக்கடை அண்ணனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

"இது கொழந்தைங்க சோறு துன்னும்போது பொம்ம படம் போட்டுக் காட்டற சாமான்பா. இதுல போய் கல்யாணக் கரை போடுவியா?"

"உங்க லேப்டாப்பு மட்டும்? ஃபேன் சத்தம் மாவு கிரைண்டர் மாரி கேக்குது. அதுல இட்லிக்குதான் ஆட்டலாம்."

"சத்தம் இருந்தாலும் வேல நடக்குதுல்ல?"

"என்து சத்தமில்லாம நடக்கும்ணா. குத்திப் பாருங்க."

முதல் ஃபைல் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. கடை லேப்டாப்பில் திறந்ததும் அண்ணன் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. டேப்பில் வரைந்த கோட்டின் ஓரமெல்லாம் மங்கலாக, நிறம் நிறமாக இருந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவதற்காக அது தானே நடுவில் நிறங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தறிக்கு அரை நிறம் என்று ஒன்று கிடையாது. இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது.

"மூணு கலர் டிசைன்ல நாப்பது கலர் இருக்குதும்மா. ஓவியக் கண்காட்சி வெக்கலாம்."

நான் அழுதுவிட்டேன். அக்கா டேப்பை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆமா, தப்புதான்" என்றாள். கோபப்படவே இல்லை. தப்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவளுக்குக் கோபம் வராது. இரண்டு நாள் தேடி, கட்டம் கட்டமாக மட்டும் புள்ளி வைக்கிற ஒரு ஆப்பைக் கண்டுபிடித்தாள். பத்து கட்டம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, முழு டிசைனையும் புள்ளி புள்ளியாகத் திரும்ப வைத்தாள். மூன்று டயாலிசிஸ் ஆனது.

அதைக் கொடுக்கும்போது அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "சரிம்மா. டேப்புல இருந்து வர ஃபைல்ல ஒரு புள்ளி தப்பு வந்துச்சுன்னா, ஒடம்ப பாத்துக்கோ, வேலய வுட்டுடு. நான் லேப்டாப்காரங்களாண்ட குடுத்துடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. நோயாளியிடம் வேலை வாங்குகிறோமே என்று அவருக்கு உறுத்தல். அதை அப்படித்தான் சொல்லத் தெரிந்தது.

"ஒரு புள்ளி தப்பு வந்தா நானே டேப்ப கொண்டாந்து உங்க டேபிள் மேல வெச்சிடறேன்ணா" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் முக்கியமில்லாமல் போனது. நான் மிகைப்படுத்தவில்லை. வேலை இருக்கிற வரைக்கும் அவள் டிசைன்கார அக்கா. வேலை போனால் அவள் வாரம் மூன்று நாள் ஆட்டோவில் போய்வருகிற நோயாளி. ஊர் அவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது ஒரு புள்ளியில் இருந்தது.

கடைசி வேலை மட்டும் டேப்பால் முடியாது. அட்டை குத்தும் மெஷினுக்குப் புரிகிற மாதிரி ஃபைலை மாற்றுகிற சாஃப்ட்வேர் கடை லேப்டாப்பில்தான் இருந்தது. அதை நான் செய்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, "அத தொடாத, அது எதுக்கு, பெருசு பண்ணு, பெருசு பண்ணு" என்று உயிரை எடுப்பாள்.

"நீயே செஞ்சிக்கோயேன்" என்று எழுந்தால், "ஒரு கைதான்டி இருக்குது" என்பாள். நான் திரும்ப உட்காருவேன்.

டயாலிசிஸ் அறையில் எட்டு கட்டில். காலை ஷிப்ட்டுக்கு ஆறு மணிக்கே போய்விடுவோம். பக்கத்துக் கட்டிலில் ஏனாத்தூர்க்காரர் ஒருவர், முன்பு பஸ் ஓட்டியவர். அவருக்கு எப்போதும் தாகம். தண்ணீர் கூடாது என்பதால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவார்.

"இவ்ளோ பெரிய டேப்ப வெச்சிக்கினு ஒரு படம் போடமாட்டேன்றியேம்மா. எட்டு பேரும் பாக்கலாமில்ல?"

"இதுல வேல மட்டுந்தான் ஓடும்ணா."

"ஒரு பாட்டாவது?"

"சார்ஜ் போயிடும்."

"எங்க பஸ்ஸு டீசல் கூட இவ்ளோ கணக்கு பாத்ததில்லம்மா."

ஒரு புதன்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஒரு ஆள் படுத்திருந்தார். விரிப்பு புதிதாக இருந்தது. நான் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கழுத்தைத் திருப்பவே இல்லை. மாங்காயின் ஓரத்தில் பத்துக் கட்டத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. அவரு..."

"தெரியும்."

"ஒரு பாட்டு போட்டிருக்கலாம்ல?"

பேனா நின்றது. அவ்வளவுதான். அப்புறம் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மா தலைவலி என்று படுத்திருந்தாள். நான் டேப்பைப் பிடுங்கி, திரையைச் சுருக்கி, முழுப் புடவையும் ஒரு விரல் அளவுக்குத் தெரிகிற மாதிரி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "எப்ப பாரு புள்ளிய பாத்துக்கினு. ஒரு தடவ முழுசா பாரேன். நம்ம வீட்ட பாரு. அம்மாவ பாரு. உன்ன பாரு."

அக்கா டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலை வைத்து விரித்தாள்.

"முழுசா பாத்தா பயமா இருக்குதுடி" என்றாள். "பத்து பத்து கட்டமா பாத்தா ஒண்ணும் தெரியல."

அதற்குப் பிறகு நான் அவளிடம் அப்படிப் பேசவில்லை.

ஒரே ஒரு தரம் அவள் வேறு மாதிரி இருந்து பார்த்திருக்கிறேன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். விதானத்தில் பழைய ஓவியம். தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தாள். அங்கிருந்த ஒரு அம்மா, "எழுந்திரும்மா, மயக்கமா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இல்லமா, படுத்துக்கினு பாக்கறது எனக்குப் பழக்கம்" என்றாள். அவளே சிரித்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நிறம் உதிர்ந்த இடத்தையெல்லாம் எனக்குக் காட்டினாள். வரைந்தவன் இந்த இடத்தில் தூரிகையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறான், பாரு, என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

கடைசியாக அவள் போட்டது ஒரு அன்னக் கரை. தை மாதக் கல்யாணத்துக்கு. தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, நெய்கிறவர் அட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டு தரம் போன் செய்தார். "முடியலன்னா சொல்லிடும்மா, பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லைதான் அக்காவுக்குத் தாங்காது.

அன்று காலை அவளுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. ஊசி போட்டதும் டேப்பைக் கேட்டாள். அன்னம் முடிந்திருந்தது. மூக்கு மட்டும் பாக்கி. நான் வெளியே போய் அம்மாவுக்கு இட்லி வாங்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள். கால் பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். பி.பி. இறங்கிவிட்டது என்றார்கள். அது அங்கே அடிக்கடி நடப்பதுதான், நானே பல பேருக்குப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அதுதான் முதல் தரம். டேப் தலையணையிலிருந்து சரிந்து அவள் இடுப்போரம் கிடந்தது. பேனா கீழே உருண்டிருந்தது.

கண் திறந்ததும் என்னைத் தேடினாள். "சேவ் ஆயிடுச்சா?" என்றாள்.

டெக்னீஷியனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உசுரு சேவ் ஆயிடுச்சாம்மான்னு கேளு மொதல்ல."

"ஆயிடுச்சிக்கா. அதுவா ஆயிடும்."

"முடிஞ்சிடுச்சு. மூக்கு வெச்சிட்டேன். எடுத்துக்கினு போ. பெருசு பண்ணிப் பாத்துட்டு குத்து."

அவளை மேல் மாடி ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அம்மா வெளியே உட்கார்ந்தாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இதைத்தான் நான் எழுத வேண்டும். நான் பார்த்தேன். பார்க்காமல் குத்தவில்லை. அவள் சொன்ன மாதிரியே பத்துக் கட்டமாகப் பெரிதாக்கி, இடமிருந்து வலம், பிறகு கீழே என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அன்னத்தின் மூக்கிலிருந்து ஒரு கோடு சாய்வாகக் கீழே இறங்கியது. ஜரிகை நிறம். ஒரு வரிக்கு ஒரு புள்ளி, அடுத்த வரியில் பக்கத்துப் புள்ளி. எங்கேயும் கட்டில்லாமல் ஓடவில்லை. கொடி என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் எத்தனையோ கரையில் அன்னம் வாயில் கொடியைக் கவ்விக்கொண்டிருக்கும். அக்கா கடைசி நேரத்தில் எதையாவது சேர்ப்பாள், அதுவும் பழக்கம்தான். கொடியில் இலை இல்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அம்மா போன் செய்தாள். மெஷினில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அவள் முகத்தில் மாஸ்க்.

"குத்திட்டேன்" என்றேன்.

"தப்பு?" என்றாள். மாஸ்க்குக்குள் வார்த்தை ஆவியாகப் படிந்தது.

"ஒண்ணுமில்ல."

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. பெருசு பண்ணிதான் பாத்தேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். கொடி நல்லாயிருக்குது என்று சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் டைம் ஆயிடுச்சு என்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் சொல்ல முடியவில்லை. நினைவில்லாமல் இருந்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் போய்விட்டாள்.

அண்ணன் கடையை மூடிவிட்டு வந்தார். தூக்கும்போது தோள் கொடுத்தார். கருமாதி முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாளே அந்தப் புடவை தறியிலிருந்து இறங்கி வந்திருந்தது. அண்ணன் மேஜை மேல் விரித்துக் காட்டினார். கரை நீளத்துக்கும் அன்னம், அன்னம், அன்னம். எல்லாவற்றின் வாயிலிருந்தும் ஒரு மெல்லிய ஜரிகைக் கோடு.

"நான்தாம்மா தோத்துட்டேன்" என்றார். "ஒரு புள்ளி தப்பில்ல. அந்தக் கொடி பாரு, எவனும் இப்டி சிம்பிளா போடமாட்டான். கல்யாண வூட்ல போட்டோ பாத்துட்டு நாலு பேரு இதே வேணும்னு கேட்டிருக்காங்க."

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

முப்பதாம் நாள் கழிந்ததும் மாமா பெண் படிப்பதற்கு டேப்பைக் கேட்டாள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுத்துவிடு என்றாள் அம்மா. கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். அந்த ஆப்பில் ஒரு வசதி இருந்தது. வரைந்தது எல்லாம் முதல் புள்ளியிலிருந்து படம் மாதிரி ஓடும். அக்கா அதைத் தொட்டதே இல்லை. செய்த வேலையை எவன் திரும்பப் பார்ப்பான் என்பாள். நான் அன்ன டிசைனில் அதை அழுத்தினேன்.

வெறும் கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கால் வந்தது, இறக்கை வந்தது. புள்ளி, புள்ளி, புள்ளி. எங்கேயும் கோடு இழுக்கவில்லை. அவள் எதையும் இழுத்து வரைவதில்லை, வைப்பாள். கழுத்து வந்தது. கண் வந்தது. ஒரு புள்ளி வைத்து, எடுத்து, பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள். மூக்கு ஒவ்வொரு புள்ளியாக வந்து நுனியில் முடிந்தது.

அப்புறம் ஒரே இழுப்பு. மூக்கு நுனியிலிருந்து சாய்வாகக் கீழே, நிற்காமல், திரையின் ஓரம் வரைக்கும். அதோடு படம் நின்றுவிட்டது.

திரும்ப ஓட்டினேன். திரும்ப ஓட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து, "அழிச்சிட்டியாடி?" என்றாள்.

"இல்லமா. குடுக்க வேணாம்."

"ஏன்?"

"குடுக்க வேணாம்மா."

அவள் மயங்கி, பேனாவோடு கை தலையணையிலிருந்து விழுந்த கோடு அது. கொடி இல்லை. நான் இட்லி வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதை நான் பெரிது பண்ணிப் பார்த்து, ஜரிகையில் குத்தி, யார் யாரோ கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார அனுப்பியிருக்கிறேன். அவளிடம் தப்பில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு வாய் சோறும் போகும்.

போன வாரம் அண்ணன் இன்னொரு தறிக்கு அதே அட்டை வேண்டும் என்றார். "கொடி வெச்ச அன்னம்" என்று இப்போது அதற்குப் பெயரே வந்துவிட்டது. லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தேன். பெரிதாக்கினேன். முப்பத்தேழு புள்ளி. ஒவ்வொன்றாக எடுத்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கலாம். செய்யவில்லை. இடமிருந்து வலம், பிறகு கீழே என்று ஒரு தரம் முழுக்கப் பார்த்துவிட்டு மெஷினில் போட்டேன்.

நெய்கிறவர் அட்டையை வாங்க வந்தவர், போனிலிருந்த புடவைப் படத்தையும் என் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்கமா கொடி?"

"அது தப்புண்ணா. எடுத்துட்டேன்."

"தப்பா? அதுக்குதானமா ஊரே கேட்டுக்கினு வருது!"

அட்டைக்கடை அண்ணன் எழுந்து வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, உங்கக்கா போட்டத எடுக்க நீ யாரு? தப்புன்னா, அப்ப டேப்புல தப்பு வரும்னு அன்னிக்கு நான் சொன்னது..."

நான் மெஷினை நிறுத்தவில்லை. சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன்.

"எங்கக்கா அத போடலண்ணா."